ரெண்டு பக்கமும் ஓடுன ஆறு

அன்னைக்கு கட்டிங் டேபிளைச் சுத்தி நின்னவங்க இவ்வளவு பேர். மேனேஜர். கட்டிங் மாஸ்டர் ஞானம். செக்கிங் சரோஜா அக்கா. அக்காவோட பீஸ் பார்க்கிற பெண்கள் ரெண்டு பேர். புதுசா வந்த வங்காளத்து டெய்லர் பாபுல். அயர்ன் பெட்டியை ஆஃப் பண்ணிட்டு வந்த நான். கடைசியா, கேட்டைப் பூட்டிட்டு வந்த மிலிட்டரிக்காரர்.

ஒரு ஆத்தைப் பத்தி விசாரிக்கத்தான் கூடியிருந்தோம். அந்த ஆறு பொய்யா நிஜமான்னு அன்னைக்குத் தெரியணும். பொய்யானா மிலிட்டரிக்காரர் பெட்டியைக் கட்டிட்டு வெள்ளகோவில் போகணும். நிஜமானா மேனேஜர் மீசையை எடுக்கணும்.

மிலிட்டரிக்காரர் எங்க கம்பெனி வாட்ச்மேன். திருப்பூர் நல்லூரில் சின்ன பனியன் கம்பெனி. கீழே கட்டிங், மேலே தையல், அதுக்கு மேலே தகரக் கூரை போட்டு அயர்ன். அவர் பேரை எழுத வேண்டாம். எழுதினாலும் யாருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டிலேயே மிலிட்டரி என்றுதான் போட்டிருந்தது.

ஆள் உயரம். அறுபது வயசிலும் முதுகு நேரா இருக்கும். சுவரில் சாய்ஞ்சு நான் பார்த்ததில்லை. காக்கிச் சட்டையை அயர்ன் போட என்கிட்டதான் கொடுப்பார். மடிப்பு எங்கே விழணும்னு விரலால் கோடு போட்டுக் காட்டுவார். எக்ஸ்போர்ட் பனியனுக்குக்கூட நான் அவ்வளவு கவனமாப் போட்டதில்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. தண்ணியைப் பார்த்தா அதை எப்படிக் கடக்கிறதுன்னு யோசிப்பார். தண்ணி லாரி வந்து, குடம் வழிஞ்சு, தெருவில் ஓடும். அதோட கரையில் நின்னு பார்ப்பார்.

"இக்கட்ட மேடுங்க. அக்கட்ட தாழ்வு. எறங்குனா இந்த எடத்துலதான் எறங்கோணும்" என்பார்.

இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு ஒரு எட்டு வெச்சா தாண்டிடலாம். நாங்க அதைச் சொல்ல மாட்டோம். அவர் இடம் பார்த்துச் சொன்னதுக்கப்புறம்தான் தாண்டுவோம்.

ஒரு ஞாயித்துக்கிழமை என்னை நொய்யல் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனார். எதுக்குன்னு கேட்டேன். சும்மா நிலவரம் பார்க்க என்றார். சாயப்பட்டறைத் தண்ணி ஆத்திலேயே ஓடின காலம் அது. ஒரு நாள் ஊதா, ஒரு நாள் சிவப்பு. அன்னைக்கு மெரூன். பாலத்து மேல கையைப் பின்னால கட்டிட்டு நின்னார்.

"கண்ணு, இது எங்க பொறக்குது, தெரியுமா?"

"தெரியாதுங்க."

"வெள்ளியங்கிரி மலை. அங்கிருந்து கோயமுத்தூர். அப்பறம் சூலூர், சாமளாபுரம், மங்கலம். அப்பறம் நாம. நமக்குக் கீழ ஒரத்துப்பாளையம். கடைசியில காவேரி."

"செரிங்க."

"என்ன செரி? கோயமுத்தூர்க்காரன் மேல இருக்கறான். நாம கீழ இருக்கறோம். நாளைக்கு ஒரு யுத்தம்னு வந்தா?"

"கோயமுத்தூரோடவாங்க?"

"பேச்சுக்கு."

"அவங்க எதுக்குங்க யுத்தத்துக்கு வரோணும்?"

"அதையெல்லாம் சிப்பாய் கேக்கக் கூடாது."

நான் கேக்கலை. அவர் மேற்கே விரலை நீட்டினார்.

"சாமளாபுரம் குளத்தைப் புடிச்சுட்டாப் போதும். அதுதான் கழுத்து."

"அங்க எங்க சித்தப்பா தறி போட்டிருக்கறாருங்க."

"மொதல்ல அவரைக் காலி பண்ணச் சொல்லோணும்."

திரும்பி வந்ததும் சித்தப்பாவுக்கு போன் போட்டு விசாரிச்சேன். நல்லா இருந்தார். தறி ஓடுற சத்தம் கேட்டது.

நொய்யல் அவர் மனசுக்குப் பிடிக்கலை. யுத்தத்துக்கு லாயக்கில்லாத ஆறு என்றார். "எதிரி அக்கட்ட வெள்ளைச் சட்டையில எறங்குவான். இக்கட்ட மெரூன்ல ஏறுவான். நம்மாளும் மெரூன். யாரைச் சுடறது?" என்றார். எனக்கும் தெரியலை.

அவர் மனசில் இருந்த ஆறு வேற. வயசில் பட்டாளத்தில் இருந்திருக்கார். வங்காளத்துப் பக்கம் நடந்த யுத்தத்துக்குப் போயிருக்கார். அங்கே ஒரு ஆத்தைக் கடந்ததா சொல்வார். ஆத்து பேரு மட்டும் சொல்ல மாட்டார். ராணுவ ரகசியம்.

"யுத்தம் முடிஞ்சு எத்தனை வருசம் ஆச்சுங்க. இன்னும் என்ன ரகசியம்?" என்று சரோஜா அக்கா கேட்டாங்க.

"எனக்குத்தான் ரிட்டயர்மென்ட் ஆச்சுங்க. ரகசியத்துக்கு ஆகலை."

அந்த ஆத்துக்கு அகலம் ஒரு நிலையா இருக்காது. வெறும் டீ வாங்கிக் கொடுத்தா கால் மைல். டீயோட பஜ்ஜின்னா அரை மைல். முதலாளி வந்து கேட்டா ஒரு மைலும் ஒரு முதலையும். ஒரு தடவை பனியன் வாங்குற ஃபாரின் பையர் வந்து கேட் பக்கத்தில் நின்னப்ப, மூணு முதலை சொன்னார். அதை இங்கிலீஷில் சொல்ல ஆள் இல்லை. கையை வாய் மாதிரி திறந்து திறந்து மூடிக் காட்டினார். பையர் பயந்து உள்ளே வந்துட்டார். வாட்ச்மேனுக்குப் பசிக்குதுன்னு மேனேஜர்கிட்ட சொன்னாராம்.

அதையெல்லாம் நாங்க நம்பினோம். முதலையையும் நம்பினோம். நம்பாதது ஒண்ணே ஒண்ணு. எப்பக் கதையை ஆரம்பிச்சாலும் மொதல்ல அதைத்தான் சொல்வார்.

"அந்த ஆறு காத்தால ஒரு பக்கம் ஓடும். மத்தியானம் அப்படியே திரும்பி ஓடும்."

அதோட எல்லாரும் சிரிச்சுடுவோம்.

"ஏனுங்க, மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்கு வருதுங்களா?" என்பாங்க சரோஜா அக்கா.

ஞானம் மாஸ்டருக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். "எங்கூரு ஆத்துலயும் ரெண்டு பக்கமும் ஓடும்யா. தண்ணி இல்ல. மணல் லாரி" என்பார்.

மிலிட்டரிக்காரர் சிரிக்க மாட்டார். "பக்கத்துல கடலுங்க. கடல் ஏறுனா ஆத்தைத் தள்ளும். எறங்குனா விட்டுரும்" என்பார். நாங்க எல்லாரும் திருச்செந்தூர் போயிருக்கோம். கடலைப் பார்த்திருக்கோம். அது யாரையும் தள்ளலை. காலை நனைச்சுட்டுப் போயிடும். அதனால நம்பலை.

சிரிப்பு அடங்கினதும் முதலைக்கு வருவார்.

இப்படியே போயிருக்கும். நடுவில் ஒரு ஐப்பசி மழை வந்தது.

கம்பெனிக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் போகுது. வருசம் பூரா அதில் முள்ளும் பிளாஸ்டிக் கவரும்தான் கிடக்கும். அன்னைக்கு சாயங்காலம் தண்ணி போனது. வேலை விட்டுப் போற பெண்கள் இக்கட்ட நின்னுட்டாங்க. மிலிட்டரிக்காரர் விசிலை ஊதினார். அப்படி ஒரு சந்தோஷ முகத்தை நான் அவர்கிட்ட அதுக்கு முன்னால பார்த்ததில்லை.

"யாரும் எறங்கக் கூடாது! கயிறு கொண்டாங்க!"

கம்பெனியில் கயிறு இல்லை. பனியன் கம்பெனியில் எதுக்குக் கயிறு. ஞானம் மாஸ்டர் காலருக்கு வெட்டி மிஞ்சின ரிப் துணியை மூட்டையோட எடுத்துட்டு வந்தார்.

"இது தாங்குங்களா மாஸ்டர்?"

"அய்யா, லைக்ரா போட்ட துணி. யானை இழுத்தாலும் அறாது."

பெண்கள் உட்கார்ந்து முப்பிரியாப் பின்னினாங்க. தலை பின்னுற கை. கால் மணி நேரத்தில் முடிஞ்சது. என்னை அக்கட்ட அனுப்பினார். தண்ணி முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. போய்ப் புளியமரத்தில் ஒரு முனையைக் கட்டினேன். இந்த முனையை கேட் கம்பியில் அவர் கட்டினார்.

அங்கே இருந்த எல்லாரும் பனியன் தொழில்காரங்க. லைக்ரா என்ன பண்ணும்னு தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாங்க. ஒருத்தருக்கும் தோணலை. எனக்கும்தான். கயிறுன்னு பேரு வெச்சதும் துணிங்கறது மறந்துபோச்சு.

மேனேஜருக்கு அவசரம். முன்னால இறங்கினார். பின்னால சரோஜா அக்கா. அதுக்குப் பின்னால ஏழெட்டுப் பேர். எல்லாரும் கயிறைப் பிடிச்சுச் சாய்ஞ்சாங்க.

ஞானம் மாஸ்டர் சொன்னது நிஜம். அறலை. நீண்டது.

வரிசையா அப்படியே நகர்ந்து கீழ்ப்பக்கமாப் போனாங்க. தேர் திரும்புற மாதிரி மெதுவாப் போச்சு. "வுடாதீங்க! யாரும் வுடாதீங்க!" என்று மிலிட்டரிக்காரர் கரையில் இருந்து கத்தினார். அவங்களும் விடலை. நல்ல மனுசங்க. பிடிச்சதால்தான் போனாங்க. கொஞ்ச தூரம் போனதும் சரோஜா அக்கா காலை ஊனிப் பார்த்தாங்க. தண்ணி முழங்கால். கயிறை விட்டுட்டு நடந்து ஏறிட்டாங்க. மத்தவங்களும் விட்டாங்க.

மேனேஜர் விடலை. சொன்ன பேச்சைக் கேட்டார். மொத்தக் கயிறும் அவர் ஒருத்தரை இழுத்துச்சு. கம்பெனிப் பக்கம் ஒரு துள்ளு, புளியமரத்துப் பக்கம் ஒரு துள்ளு. கடைசியில் தண்ணியில் உட்கார்ந்துட்டார். ஒரு செருப்பு போச்சு. ஷிப்மென்ட் ஃபைல் போச்சு. கயிறு திரும்பி வந்து மிலிட்டரிக்காரர் தொப்பியைத் தட்டி விட்டுச்சு.

ஞானம் மாஸ்டர் கயிறைச் சுருட்டி இழுத்துப் பார்த்தார்.

"பழைய அளவுக்கே வந்துடுச்சுய்யா. அதான் குவாலிட்டி" என்றார்.

மேனேஜர் முதலாளியோட மச்சான். மீசை வெச்சிருந்தார். நல்ல மீசை. ரெண்டு பக்கமும் முறுக்கி, எண்ணெய் போட்டு வெச்சிருப்பார். அன்னைக்கு ரெண்டு பக்கமும் தொங்கி, தண்ணி சொட்டிச்சு. நாற்பது பெண்கள் அதைப் பார்த்தாங்க. அதை அவர் மறக்கலை.

மறுநாள் கேட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க மிலிட்டரி, யுத்தத்துலயும் இப்படித்தான் கயிறு கட்டுனீங்களா?"

"அங்க சணலுங்க. லைக்ரா இல்லீங்க."

"அந்த ஆறு ரெண்டு பக்கமும் ஓடுமாமா?"

"ஆமாங்க."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. பெரியவரு."

"செரிங்க."

"ஆனா அது பொய்யுங்க."

மிலிட்டரிக்காரர் நின்னுட்டுதான் இருந்தார். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்னார்.

"ஏனுங்க, அப்படி ஒரு ஆறு இல்லீன்னு தெரிஞ்சுதுன்னா அன்னைக்கே நான் பெட்டியக் கட்டிக்கிட்டு எம்புள்ள ஊட்டுக்குப் போயிடறேனுங்க."

"இருந்துச்சுன்னா என்ற மீசைய நானே எடுத்துக்கறேனுங்க."

ரெண்டு பேரும் கும்பிட்டுக்கிட்டாங்க. எங்க பக்கம் சண்டை இப்படித்தான் நடக்கும்.

மகள் ஊடு வெள்ளகோவில். மகளும் மருமகனும் நல்லவங்கதான். வா வான்னுதான் கூப்பிட்டாங்க. ஆனா அவருக்கு அங்கே போறதுன்னா எதிரிகிட்ட பிடிபட்ட மாதிரி. "அங்க வாயத் தொறக்க முடியாது, கண்ணு. சீரியல் முடிஞ்சாத்தான் சோறு. சோறு முடிஞ்சா அடுத்த சீரியல். எருமை ஒண்ணுதான் கேக்கும். அதுவும் பாதியில எந்திரிச்சுப் போயிடும்" என்று என்கிட்ட சொல்லியிருக்கார். அவருக்கு கேட் வேணும். வர்றவன் போறவன் நின்னு ஒரு ஆத்தைக் கேக்கணும். அதில்லேன்னா அவர் காக்கிச் சட்டை போட்ட வெறும் ஆள்.

அதனால நாங்க எல்லாம் மேனேஜர் மறந்துட்டா நல்லதுன்னு நினைச்சோம்.

மேனேஜர் மறக்கலை. அஞ்சாறு நாள் கழிச்சு, டெய்லர் கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி வெச்சு, ஆளைக் கண்டுபிடிச்சுட்டார். எங்க தையல் லைனிலேயே பனியனுக்குத் தோள் தைக்கிற பாபுல். முப்பது வயசு. ஒல்லி. வங்காளத்தில் கடல் பக்கத்து ஆள். திருப்பூர் வந்து மூணு மாசம். மத்தியானச் சாப்பாட்டு பெல் அடிச்சதும் எல்லாரையும் கட்டிங் டேபிளுக்கு வரச் சொன்னார் மேனேஜர்.

பாபுல் பயந்துட்டான். தையல் தப்புன்னு நினைச்சு, கையில் பீஸோட வந்தான்.

"அண்ணா, மிஸ்டேக் நாளைக்கு சரி. அண்ணா, அர்ஜென்ட் சரி."

"தையலை வுடுப்பா. ஆறு. ஆறு தெரியுமா?"

"ஆறு பீஸ்?"

"பீஸ் இல்லப்பா. தண்ணி. நதி."

"நொதி!" என்றான். முகம் கொஞ்சம் தெளிஞ்சது.

"மிலிட்டரி, ஆத்து பேரச் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

மிலிட்டரிக்காரர் எங்களைச் சுத்திப் பார்த்தார். பீஸ் பார்க்கிற பெண்கள் ரெண்டு பேரையும் கூட சந்தேகமாப் பார்த்தார். அப்புறம் பாபுல் கிட்ட போய், காதோரம் குனிஞ்சு, கையால் மறைச்சுக்கிட்டுச் சொன்னார்.

பாபுல் துள்ளிக் குதிச்சான். அந்தப் பேரைக் கத்திச் சொல்ல வாயைத் திறந்தான். மிலிட்டரிக்காரர் அவன் வாயைப் பொத்திட்டார். பொத்தின கைக்குள்ளயே அவன் என்னென்னமோ சொன்னான். கண்ணில் தண்ணி வந்துடுச்சு. கையை எடுத்ததும், வங்காளமும் ஹிந்தியும் கலந்து கொட்டினான்.

"என்ன சொல்றான்?" என்றார் மேனேஜர்.

"அவங்கம்மா அதுலதான் பாத்திரம் வெளக்குமாமுங்க."

"நீங்க சொல்லக் கூடாதுங்க! வேற யாருக்கு ஹிந்தி தெரியும்?"

யாருக்கும் தெரியலை. எங்க கம்பெனியில் ஹிந்தி தெரிஞ்ச ஒரே தமிழ் ஆள் மிலிட்டரிக்காரர்தான். அவர் வழக்குக்கு அவரே சாட்சியை மொழிபெயர்க்கிறதுன்னா எப்படி. அவரை நாலடி தள்ளி நிக்கச் சொல்லிட்டார் மேனேஜர். திரும்பிச் சுவரைப் பார்த்து நிக்கச் சொன்னார். கண்ணால் சைகை காட்டக் கூடாதாம். அதுக்கும் அவர் நேராத்தான் நின்னார்.

பாபுலுக்குத் தெரிஞ்ச தமிழ் பூரா கம்பெனித் தமிழ். பீஸ், அர்ஜென்ட், லேட்டு, சாப்டாச்சு, போ, வா, நாளைக்கு. மேனேஜர் அதை வெச்சே விசாரிச்சார்.

"பாபுல். ஆறு, எப்படி போ?" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

பாபுல் யோசிச்சான். கீழே கிடந்த நீல ஜெர்சித் துணியை எடுத்து டேபிள் மேல நீளமா விரிச்சான். ஓரமெல்லாம் வளைச்சு வளைச்சு விட்டான். ஒரு பக்கத்தைத் தொட்டு, "சமுந்தர்" என்று ரெண்டு கையையும் அகலமா விரிச்சான். கடல்னு புரிஞ்சது. மாஸ்டரோட சாக்பீஸை எடுத்துத் துணி மேல வெச்சான். படகு.

எல்லாரும் குனிஞ்சோம். சுவரைப் பார்த்து நின்னவர் தோள் மட்டும் ஏறி இறங்கினது தெரிஞ்சது.

பாபுல் சாக்பீஸை மெதுவாத் தள்ளினான். கடல் பக்கம்.

"காலை. போ."

மேனேஜர் மீசையைத் தடவினார்.

"அதான் எல்லா ஆறும் போகுமே. அப்பறம்?"

பாபுல் சாக்பீஸை நிறுத்தினான். சுவத்துக் கடிகாரத்தைக் காட்டினான்.

"சாப்பாடு டைம்." சாக்பீஸைத் திருப்பினான். கடலில் இருந்து மேலே தள்ளிட்டு வந்தான். "வா."

பாபுல் விடலை. சாக்பீஸை மறுபடியும் கடல் பக்கம் தள்ளினான்.

"திரும்ப லேட்டு. போ. திரும்ப வா. டெய்லி."

"ரெண்டு ஷிப்டு ஓடுதுய்யா!" என்று ஞானம் மாஸ்டர் டேபிளைத் தட்டினார்.

"நெசமாலுமே சோத்துக்கு வருதுங்க!" என்றாங்க சரோஜா அக்கா.

மிலிட்டரிக்காரர் திரும்பலை. திரும்புங்கன்னு யாரும் சொல்லலை. அதனால நின்னார்.

மேனேஜர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. மீசையில் இருந்து கையை எடுத்துட்டார். அப்புறம் வேற வழி தேடினார்.

"அகலம்? அகலம் எவ்வளவு? கால் மைலா?" என்று கையை விரிச்சார்.

பாபுல் ஜன்னலுக்கு வெளியே காட்டினான். "கேட்." அப்புறம் ரோட்டுக்கு அக்கட்ட காட்டினான். "டீ கடை."

எங்க கேட்டில் இருந்து கத்தினா டீ மாஸ்டருக்குக் கேக்கும். அவ்வளவுதான் அகலம்.

"முதலை?" மேனேஜர் ரெண்டு கையையும் சேர்த்துத் திறந்து மூடினார்.

பாபுல் சிரிச்சான். "நோ நோ. மீன்."

"பாத்தீங்களா! ஒரு மைல்னாரு. மூணு முதலைன்னாரு. எல்லாம் பொய்யுங்க!"

சரோஜா அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாங்க.

"பந்தயம் ஓட்டத்துக்குத்தானுங்க. அகலத்துக்கு இல்லீங்க. முதலைக்கும் இல்லீங்க."

நாங்க எல்லாரும் ஆமாங்க என்றோம். மேனேஜர் எங்களைப் பார்த்தார். சாக்பீஸைப் பார்த்தார். மேனேஜர் நேர்மையான ஆள்தான். மாஸ்டர்கிட்ட கத்தரிக்கோல் கேட்டார்.

அப்பதான் மிலிட்டரிக்காரர் திரும்பினார்.

"வேண்டாமுங்க. உங்க ஊட்டம்மா அதைப் பாத்துத்தான் கட்டியிருப்பாங்க. நான் எதுக்குங்க அதுல கைய வெச்சுக்கிட்டு."

மேனேஜர் கத்தரிக்கோலைக் கீழே வெச்சார். மூக்கை உறிஞ்சினார். கும்பிட்டார். மிலிட்டரிக்காரரும் கும்பிட்டார்.

பாபுலுக்கு என்ன நடந்ததுன்னு புரியலை. தப்பிச்சோம்னு மட்டும் புரிஞ்சது. மிலிட்டரிக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஹிந்தியில் ஏதோ கேட்டான். சாதாரணமாத்தான் கேட்டான். ஊர்க்காரனைப் பார்த்தா யாரும் கேக்கிற மாதிரி. மிலிட்டரிக்காரர் ரெண்டு வார்த்தை சொன்னார். பாபுல் முகம் மாறிச்சு. அவர் கையை விடுவிச்சுக்கிட்டு கேட்டுக்குப் போயிட்டார். ஞானம் மாஸ்டர் வாங்கி வெச்ச பஜ்ஜிக்குக்கூட நிக்கலை.

அஞ்சு மணி டீக்கு நான் ஒரு டம்ளர் எடுத்துட்டுப் போனேன். கேட் ரூம் வாசலில் பெட்டி திறந்து இருந்தது. துணியை மடிச்சு உள்ளே வெச்சுக்கிட்டு இருந்தார்.

"ஜெயிச்சுட்டீங்களேங்க. எதுக்குங்க பெட்டி?"

"நாளைக்கு மேனேஜரு அடுத்த கேள்வி கேப்பாரு, கண்ணு."

"என்ன கேள்விங்க?"

"பாபுல் கேட்டதைத்தான். அக்கட்ட எந்தப் படித்துறையில ஏறுனீங்கன்னு கேட்டான். அவங்க ஊட்டுக்குப் பக்கமான்னு தெரிஞ்சுக்க."

"மறந்துட்டீங்களா?"

"ஏறவே இல்லை."

டீயை வாங்கி ஓரமா வெச்சார்.

"நான் கடக்கலை, கண்ணு. இக்கட்டயே உக்கார வெச்சுட்டாங்க. மூங்கில் கழி ஒண்ணு நட்டு, தண்ணி எப்ப ஏறுது, எப்ப எறங்குதுன்னு பாத்துச் சொல்லோணும். ஏறுறப்ப படகு போகும். எறங்குறப்ப திரும்பும். படகுல ஏறுறவங்களை எண்ணி அனுப்போணும். எறங்குறவங்களை எண்ணி எடுக்கோணும். அவ்வளவுதான் என்ற யுத்தம்."

"அதையே சொல்லியிருக்கலாமேங்க. அதுல என்னங்க குறைச்சல்?"

"சொல்ல முடியாது."

"ஏனுங்க?"

"ஆறு திரும்பி ஓடுதுன்னேன். நெசம். அதுக்கே எல்லாரும் சிரிச்சீங்க. முதலைன்னேன். நம்பி பஜ்ஜி வாங்கிக் குடுத்தீங்க. இதைச் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"எதைங்க?"

பெட்டிக்குள்ள இருந்து ஒரு சட்டையை எடுத்தார். திரும்ப வெச்சார்.

"அன்னைக்குப் போனவங்க எல்லாரும் நல்லபடியாத் திரும்பிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. கரையில வரிசையா உக்காந்துட்டாங்க. தலையில இருந்து கால் வரைக்கும் சேறு. எவன் யாருன்னே தெரியலை. நான் எண்ணினேன். கணக்கு தப்புச்சு. இன்னொரு தடவை எண்ணினேன். மூணு தடவை எண்ணினேன்."

"ஆபீசருகிட்ட சொல்லலீங்களா?"

"சொன்னேன். எண்ணத் தெரியாதவனை எவன்டா இங்க போட்டதுன்னாரு. எல்லாரும் லாரியில ஏறிப் போயிட்டாங்க."

கேட்டுக்கு வெளியே பஸ் வந்து நின்னது. போச்சு. அவர் பார்க்கலை.

"எனக்கு எண்ணத் தெரியும், கண்ணு. உனக்கும் சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ."

எனக்குச் சிரிப்பு வரலை. பெட்டியை மூடினேன். தூக்கிட்டுப் போய் கட்டிலுக்குக் கீழே தள்ளி வெச்சேன். மேனேஜர் கேட்டா கேட்டுட்டுப் போறாருன்னு சொன்னேன். அவர் ஆறின டீயை எடுத்துக் குடிச்சார்.

"போனவங்க எத்தனை பேருங்க?"

"அறுபத்தி நாலு."

"வந்தவங்க?"

"அறுபத்தி அஞ்சு."